உரக்கிடங்குக்கு முன்னால் ஒரு செரிமானக் கலன்: சூடு போகும், ஈரம் மிஞ்சும்

கேள்வி இது. ஒரு நகராட்சி உரக்கிடங்கு ஆண்டுக்கு 40,000 டன் மட்கும் குப்பையை நீளக் குவியல்களாகப் போட்டு, புரட்டி, உரமாக்குகிறது. ஏறத்தாழ பாதி உணவுக்கழிவு, பாதி தோட்டக்கழிவு. இடம் நெருக்குகிறது, நாற்றம் என்று அக்கம்பக்கத்தார் புகார் சொல்கிறார்கள். குப்பையை முதலில் காற்றில்லாச் செரிமானத்துக்கு அனுப்பி பயோகாஸ் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் உரமாக்கினால் இரண்டு தொல்லைகளும் தீருமா? எந்த வகைக் கலன் பொருந்தும்?

சேர்க்கலாம். என் பணிக்காலத்தில் பெரும்பகுதி இந்த வேலையில்தான் போயிருக்கிறது. ஒழுங்காக ஓடும் கலன் ஒன்றைப் பார்த்தால் இன்றும் மனம் நிறைகிறது. ஆனால் உங்கள் கேள்விக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. கலனுக்குள் போகும் குப்பையில் பெரும்பகுதி வாயுவாகிப் போய்விடும், உரக்கிடங்குக்குக் கொஞ்சம்தான் திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பு. அது நடக்காது. அந்தக் கணக்கை முதலில் போட்டுவிடுவோம். மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்துதான் கிளம்ப வேண்டும்.

உங்கள் 20,000 டன் உணவுக்கழிவை மட்டும் கலனுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். தரம் பிரித்து வந்த உணவுக்கழிவு டன்னுக்கு 100 முதல் 150 கனமீட்டர் வரை பயோகாஸ் தரும். 120 என்று எடுத்தால் ஆண்டுக்கு 24 லட்சம் கனமீட்டர். அதில் 60 சதவீதம் மீத்தேன், மீதி கார்பன் டை ஆக்சைடு என்றால் ஒரு கனமீட்டரின் எடை சுமார் 1.2 கிலோ. ஆக, வாயுவாக வெளியேறுவது ஏறத்தாழ 2,900 டன். மீதி 17,100 டன் கலனின் மறுவாசலில் வந்து நிற்கும். 40,000 டன் கையாளும் கிடங்கில் குறைவது வெறும் ஏழு சதவீதம்.

எடையைவிட முக்கியமானது ஈரம். உணவுக்கழிவில் கால் பங்குதான் திடப்பொருள். 20,000 டன்னில் 5,000 டன். வாயுவாகப் போன 2,900 டன்னும் இந்தத் திடப்பொருளிலிருந்துதான் போகிறது. தண்ணீர் அப்படியே இருக்கிறது. மிஞ்சும் 17,100 டன்னில் திடப்பொருள் 2,100 டன், அதாவது பன்னிரண்டு சதவீதம் சொச்சம். உள்ளே போனது லோடரில் அள்ளக்கூடிய குப்பை. வெளியே வருவது குழம்பு. இதைப் பாதி ஈரமுள்ள 20,000 டன் தோட்டக்கழிவோடு கலந்தால் கலவையின் ஈரம் 67 சதவீதம். கலன் இல்லாமல் நேரடியாகக் கலந்திருந்தால் அது 62 சதவீதமாக இருந்திருக்கும். நல்ல குவியலுக்கு 50 முதல் 60 வேண்டும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் குவியலைக் கலன் இன்னும் ஈரத்துக்குள் தள்ளுகிறது.

அதோடு நிற்கவில்லை. அந்த 24 லட்சம் கனமீட்டர் வாயுவில் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 1.44 கோடி யூனிட். எஞ்சினில் ஓட்டினால் 38 சதவீதத் திறனில் 55 லட்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும், நல்ல வரவு. ஆனால் அந்த ஆற்றல் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று யோசியுங்கள். உரக்குவியலில் நடப்பது மெதுவான எரிதல். காலையில் புரட்டும்போது எழும் வெண்ணிற ஆவிதான் அதன் புகை. அந்தச் சூடுதான் நோய்க்கிருமிகளைக் கொல்கிறது, களை விதைகளை அவிக்கிறது, தண்ணீரை விரட்டுகிறது. 1.44 கோடி யூனிட் என்பது 20,000 டன்னுக்கும் மேலான தண்ணீரை ஆவியாக்கப் போதுமான வெப்பம். குவியலில் அது முழுவதும் அந்த வேலைக்குப் போவதில்லை. ஆனால் பெரும்பங்கு போகிறது. கலன் அந்தச் சூட்டைக் குழாய் வழியாக வெளியே எடுத்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் உங்களிடம் திருப்பித் தருகிறது.

ஆகவே கலனைச் சேர்க்கும் நிலையம் தன் உரக்கிடங்கைச் சுருக்க முடியாது. அதை மாற்றிக் கட்ட வேண்டும். திட்டத்தைப் பின்பக்கத்திலிருந்து வரையுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். செரித்த சக்கை என்ன ஈரத்தில் வரும், எங்கே பிழிவது, பிழிந்த நீர் எங்கே போகும், எதோடு கலப்பது, எந்தக் கூரையின் கீழ் முதல் இரண்டு வாரம் இருக்கும். இவற்றுக்கு விடை வந்த பிறகு கலன் விற்பவரைக் கூப்பிடலாம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிலையத்தில், கலன் ஓடத் தொடங்கி முதல் லோடு சக்கை உரக்கிடங்குக்கு வந்த காலை இன்னும் கண்முன் நிற்கிறது. கரும்பழுப்பு, ஈரக் களிமண் போன்ற பொருள். எதிர்பார்த்த அழுகல் வாடை இல்லை. எல்லோரும் மகிழ்ந்தோம். லோடர் அதை மரச்சில்லுகளோடு கலக்கத் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் ஓட்டுநர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அம்மோனியா. கொட்டகை முழுவதும் மூக்கை அறுத்தது. ஐந்து நாள் கழித்து நீண்ட தண்டு வெப்பமானியைக் குவியலுக்குள் செருகிப் பார்த்தால் 42 டிகிரி. அதே கொட்டகையில் பச்சைக் குப்பை மூன்றாம் நாளே 60 டிகிரியைத் தாண்டும். ஓரிரு மாதத்தில், நாற்றக் காற்றை நுண்ணுயிர்களால் சுத்தம் செய்யும் பயோஃபில்டர் படுக்கையும் படுத்துவிட்டது. அம்மோனியா நேரடியாகப் போய் அதிலிருந்த நுண்ணுயிர்களைத் தீர்த்துவிட்டிருந்தது.

காரணம் எளிது. உணவுக்கழிவில் டன்னுக்கு ஏழு கிலோ அளவில் நைட்ரஜன் இருக்கும், பெரும்பாலும் புரதமாக. காற்றில்லாமல் செரிக்கும்போது புரதம் உடைந்து, பாதிக்கும் மேற்பட்ட நைட்ரஜன் அம்மோனியமாகக் கரைசலில் நிற்கிறது. சக்கையின் அமில-கார அளவு (pH) எட்டைத் தொட்டிருக்கும். இதைச் சூடாக்கிக் காற்றூதினால் அம்மோனியா வாயுவாகப் பறக்கத்தான் செய்யும். பச்சைக் குப்பையில் நுண்ணுயிர்கள் எளிதில் கிடைக்கும் கார்பனைத் தின்று பெருகும்போது அந்த நைட்ரஜனைத் தம் உடம்பிலேயே கட்டிக்கொள்கின்றன. இங்கே அந்த எளிய கார்பனை மீத்தேனாக ஏற்கெனவே எடுத்துவிட்டோம்.

வழிகள் உண்டு. சக்கையை மூடிய கூடத்தில் கலந்து, முதல் இரண்டு வாரம் தரையடிக் குழாய்களால் காற்றூத வேண்டும். வெளியேறும் காற்றைக் கந்தக அமிலத் தூறலில் கழுவி அம்மோனியாவைப் பிடித்த பிறகே பயோஃபில்டருக்கு விட வேண்டும். பிடிபடுவது அம்மோனியம் சல்ஃபேட், அதுவே உரம். எஞ்சினின் கழிவுச் சூட்டை, கலனைச் சூடாக்கியது போக மிஞ்சியதை, ஊதும் காற்றைச் சூடாக்கப் பயன்படுத்தினால் இழந்த சூட்டில் ஒரு பகுதி குவியலுக்கே திரும்பும். எரிபொருளின் 40 சதவீதத்துக்கு மேல் எஞ்சினின் குளிர்நீரிலும் புகையிலும்தான் போகிறது. அதை வானத்துக்கு விடும் வடிவமைப்பை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது: எல்லா உணவுக்கழிவையும் கலனுக்கு அனுப்பாதீர்கள். ஒரு பங்கைப் பச்சையாகவே வைத்திருந்து, சக்கையோடும் தோட்டக்கழிவோடும் கலந்து குவியுங்கள். அந்தப் பச்சைப் பங்கு குவியலுக்கு நெருப்பு மூட்டும், நைட்ரஜனையும் கட்டிப்போடும். வாயு கொஞ்சம் குறையும். உரக்கிடங்கு தன் வேலையைச் செய்யும். கலனும் அதற்கேற்பச் சிறிதாகும், செலவும் குறையும்.

கிருமிநீக்க விதிகளையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அமெரிக்க விதிகள் திறந்த குவியலுக்கு 55 டிகிரியில் 15 நாள், அந்த நாட்களில் ஐந்து முறை புரட்டல் என்றும், மூடிய கலத்திலோ காற்றூதும் குவியலிலோ அதே சூட்டில் மூன்று நாள் என்றும் கேட்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் விலங்குப் பொருள் கலந்த கழிவு செரிமானத்துக்குப் போகுமானால் 12 மில்லிமீட்டருக்கு நொறுக்கி 70 டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்பது அடிப்படை விதி. குவியல் தானாகவே 55-ஐத் தொடாது என்ற நிலை வந்தால், கிருமிநீக்கத்தைக் கலனிலோ அதற்கு முன்போ முடித்துவிட வேண்டியிருக்கும். 50 முதல் 57 டிகிரியில் ஓடும் சூடான கலன்கள் இங்கே உதவும். 35 முதல் 40 டிகிரியில் ஓடுபவை உதவாது.

இனி உள்ளே எதை அனுப்புவது. மரம் வேண்டாம். மரத்தைத் தாங்கி நிற்கும் லிக்னின் என்ற பொருளைக் காற்றில்லா நுண்ணுயிர்களால் செரிக்க முடியாது. கிளையும் பட்டையும் போன மாதிரியே வெளியே வரும், கலனில் இடத்தை அடைத்துக்கொண்டதுதான் மிச்சம். அதே மரச்சில்லு உரக்குவியலில் தங்கம்: காற்று போகச் சந்து தரும், ஈரத்தை உறிஞ்சும், சல்லடையில் திரும்பக் கிடைக்கும். புல்வெட்டும் இலைதழையும் நடுத்தரம். சிறிது கலனுக்குப் போகலாம். இப்போது இரண்டு வகைக் கழிவும் ஒரே தொட்டியில் கலந்து வருகிறது என்றால், சேகரிப்பைப் பிரிப்பதற்கான செலவையும் திட்டத்தில் சேருங்கள். கலன் வாங்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட இடங்களில் அந்தப் பிறகு வரவே இல்லை.

மட்காத பொருட்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. கழிவைக் கூழாக்கி ஓட்டும் ஈரக் கலன் ஒன்றை, ஆறேழு ஆண்டு ஓடிய பிறகு, காலி செய்து, காற்றோட்டம் கொடுத்து, வாயு அளந்து பார்த்த பிறகு உள்ளே இறங்கியிருக்கிறேன். தரையில் இடுப்பளவு படிவு. மண்வெட்டியால் வெட்டி எடுத்தோம்: மணல், முட்டை ஓடு, கண்ணாடித் தூள், பாட்டில் மூடிகள், எலும்புத் துண்டுகள், எல்லாம் சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தன. தலைக்கு மேலே கலக்கியின் தண்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் பைகளின் கீற்றுகளும் நாரும் முறுக்கிய கயிறாகத் தொங்கின. காகிதத்தில் எழுதியிருந்த கொள்ளளவில் கணிசமான பங்கு அந்தப் படிவுக்குப் போய்விட்டிருந்தது. இருபத்தைந்து நாள் தங்க வேண்டிய கழிவு அதைவிட மிகக் குறைந்த நாளில் வெளியேறிக்கொண்டிருந்தது. வாயு ஏன் குறைகிறது என்று ஓராண்டாக நுண்ணுயிர்களைச் சந்தேகித்துக்கொண்டிருந்தவர்களுக்கு விடை தரையில் கிடந்தது.

முன்சுத்திகரிப்பைக் கலனைவிடக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். ஈரக் கலனுக்குப் பை கிழிப்பது, கூழாக்கிப் பிளாஸ்டிக்கைப் பிரிப்பது, மணலைச் சுழல்நீரில் இறக்குவது என்று மூன்று படி வேண்டும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நல்ல கழிவும் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு போகும். எவ்வளவு போகிறது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பிளாஸ்டிக்கைப் பொடியாக நொறுக்கும் இயந்திரத்தை மட்டும் வாங்காதீர்கள். பெரிய துண்டாக இருந்தால் சல்லடை பிடிக்கும். பொடியாகிவிட்டால் உரத்தோடு விளைநிலத்துக்குப் போகும், அங்கிருந்து யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

கலன் வகைக்கு வருகிறேன். பெரிய அளவில் மூன்று உண்டு.

முதலாவது, அறை அறையாக நிரப்பும் உலர் முறை. கார் நிறுத்தும் கொட்டில் போன்ற கான்கிரீட் அறை. லோடரால் கழிவைக் குவித்து, வாயு கசியாத கதவை மூடி, மேலிருந்து நுண்ணுயிர் நிறைந்த சாற்றைத் தெளித்து, அடியில் வடிவதைத் தொட்டியில் சேர்த்து மறுபடி தெளிப்பார்கள். மூன்று நான்கு வாரத்தில் அறையைத் திறந்து அள்ளுவார்கள். உள்ளே ஓடும் இயந்திரம் எதுவும் இல்லாததால் கல்லும் பிளாஸ்டிக்கும் அதைப் பாதிப்பதில்லை. உங்கள் ஆட்களுக்கு லோடர் வேலை ஏற்கெனவே தெரியும். இவை பெரிய ஆறுதல்கள். குறைகளும் உண்டு. செரித்த சக்கையில் ஏறத்தாழ பாதியை நுண்ணுயிர் விதையாகப் புதிய கழிவோடு திரும்பக் கலக்க வேண்டியிருப்பதால் அறைகளின் இடம் பாதியளவுதான் உண்மையில் பயன்படும். தனி உணவுக்கழிவைக் குவித்தால் சாறு இறங்காமல் அடைத்துக்கொள்ளும். தோட்டக்கழிவை எலும்புக்கூடாகக் கலந்தே ஆக வேண்டும். வாயுவும் டன்னுக்குக் குறைவாகவே வரும். கதவைத் திறக்கும் நேரம்தான் நாளின் மிக ஆபத்தான நேரம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது, இடைவிடாமல் ஊட்டும் உலர் முறை. பிரான்சின் அமியேன் நகரில் 1988-இல் வலோர்கா முறையும், பெல்ஜியத்தின் பிரெக்ட் ஊரில் 1992-இல் டிராங்கோ முறையும் ஓடத் தொடங்கின. நகரக் குப்பைக்கு இது சாத்தியம் என்று உலகுக்குக் காட்டியவை இவை. டிராங்கோவில் உயரமான உருளைக்குள் கலக்கி என்று எதுவும் கிடையாது. அடியிலிருந்து எடுத்த சக்கையின் பல பங்கோடு ஒரு பங்கு புதுக் கழிவைக் கலந்து மேலிருந்து தள்ளுவார்கள்; அது தன் எடையால் மெல்ல இறங்கும். படுக்கைவாட்டில் நீண்ட உருளைக்குள் மெதுவாகச் சுற்றும் துடுப்புத் தண்டோடு இயங்கும் கொம்போகாஸ் முறை இதே குடும்பம். வாயு நன்றாக வரும், இடம் குறைவு, தண்ணீர் அதிகம் கேட்காது. ஆனால் கெட்டிக் கூழைத் தள்ளும் பம்புகள் விலை கூடியவை, தேய்மானமும் அதிகம்.

மூன்றாவது, ஈர முறை. கழிவைப் பத்துச் சதவீதத் திடப்பொருளுள்ள கூழாக்கித் தொட்டியில் கலக்கி ஓட்டுவது. சாக்கடைக் கசடுக்கு நூறாண்டாகப் பழகிய தொழில்நுட்பம். ஆள் கிடைப்பார்கள், உதிரிபாகம் கிடைக்கும். டொராண்டோ நகரம் வீடுகளில் சேகரிக்கும் சமையலறைக் கழிவை இந்த வழியில்தான் செரிக்கிறது. உங்களைப் போன்ற உரக்கிடங்குக்கு இதன் பின்விளைவுதான் கடினம்: தண்ணீரைக் கூட்டிக்கொண்டு போய், பிறகு அதே தண்ணீரைப் பிழிந்து எடுக்க வேண்டும்.

என் தேர்வைக் கேட்டால், நல்ல லோடர் ஆட்களும் நிறைய தோட்டக்கழிவும் உள்ள உங்கள் கிடங்குக்கு அறைமுறை உலர் செரிமானம்தான். வாயு குறையும் என்று தெரிந்தே சொல்கிறேன். சக்கை அள்ளக்கூடிய நிலையில் வெளிவருகிறது, பிழிய வேண்டியதில்லை, ஓர் அறை கெட்டால் மற்ற அறைகள் ஓடும். சிறிதாகத் தொடங்கி அறைகளைக் கூட்டிக்கொண்டே போகலாம். உணவுக்கழிவு தனியாகவும் சுத்தமாகவும் வருகிறது, வளர்ந்துகொண்டே போகப்போகிறது என்றால் மட்டும் இடைவிடாத உலர் முறைக்குப் போவேன்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: உங்கள் ஊரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் காலியாக இருக்கும் செரிமானத் தொட்டி உண்டா? கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில், அந்தப் பகுதியின் குடிநீர், கழிவுநீர் வாரியம் தன் தொட்டிகளில் இருந்த உபரிக் கொள்ளளவில் உணவுக்கழிவையும் ஆலைக் கழிவுகளையும் சேர்த்துச் செரித்து, 2012-இல் அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தின் தேவைக்கு மேல் மின்சாரம் எடுக்கும் நிலையை அடைந்தது. தொட்டி, எஞ்சின், ஆட்கள், பிழிந்த நீரைச் சுத்திகரிக்கும் வழி எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கும். நீங்கள் உணவுக்கழிவைச் சுத்தமான கூழாக்கி லாரியில் அனுப்பினால் போதும். சக்கை சாக்கடைக் கசடோடு கலந்துவிடுவதால் உரத்தின் மேல் உள்ள உரிமையும் மதிப்பும் போய்விடும் என்பது இதன் விலை. சில ஊர்களில் அந்த விலை நியாயமானது.

நுண்ணுயிர்களைப் பற்றி உரக்கிடங்குக்காரர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். குவியல் பொறுமைசாலி, ஒரு வாரம் மறந்தாலும் புரட்டிவிட்டால் திரும்பி வரும். கலன் அப்படியில்லை. உள்ளே இரண்டு கூட்டங்கள் வேலை செய்கின்றன. முதல் கூட்டம் கழிவை உடைத்து அமிலங்களாக்குகிறது. வேகமாகப் பெருகும், எதையும் தாங்கும். இரண்டாவது கூட்டம் அந்த அமிலத்திலிருந்து மீத்தேன் செய்கிறது. மெதுவாகப் பெருகும், சூடு இரண்டு மூன்று டிகிரி சட்டென மாறினாலே முடங்கும். நீண்ட விடுமுறைக்குப் பிறகு குவிந்துகிடந்த கழிவை ஒரே நாளில் ஊட்டினால் முதல் கூட்டம் அமிலத்தைக் கொட்டும், இரண்டாவது கூட்டத்தால் ஈடுகொடுக்க முடியாது. அமிலம் கூடக்கூட அது மேலும் சோர்ந்துபோகும். இதைத்தான் கலன் புளித்துவிட்டது என்கிறோம். ஏழு நாளும் ஒரே அளவில் ஊட்ட ஏதுவாகத் தேக்கத்தொட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

புளிப்பு வருவதை அமில-கார அளவு மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கரைசலின் காரத்தன்மை அமிலத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும். அளவுகோல் இறங்கும்போது காரியம் கைமீறியிருக்கும். கொழுப்பு அமிலங்களுக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தைத் தினமும், இல்லாவிட்டால் வாரத்தில் மூன்று முறையாவது பாருங்கள். ஒரு சின்ன மேசை, துளித்துளியாக அளந்து விடும் ஒரு பியூரெட் குழாய், நீர்த்த அமிலம், அரை மணி நேரம். பொதுவாக 0.3, 0.4-இல் இருந்தால் கலன் நலம், 0.5-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஊட்டுவதைக் குறையுங்கள். ஒவ்வொரு கலனுக்கும் அதற்கென்று ஓர் இயல்பு எண் உண்டு. எண்ணைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே முக்கியம்.

உணவுக்கழிவை மட்டும் ஊட்டும் கலன்களுக்கு ஒரு தனி நோய் உண்டு. ஓராண்டுவரை அருமையாக ஓடி, பிறகு காரணமே தெரியாமல் அமிலம் ஏறும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்குச் செலினியம், கோபால்ட் போன்ற நுண்தாதுக்களின் பற்றாக்குறை காரணம் என்று காட்டினார்கள். அம்மோனியா மிகுந்த கலனில் மீத்தேன் செய்யும் நுண்ணுயிர்கள் வேறு பாதைக்கு மாறுகின்றன. அந்தப் பாதைக்கு இந்தத் தாதுக்கள் தேவை, உணவுக்கழிவில் அவை போதாது. ஒரு கிலோ கழிவுக்கு மில்லிகிராமில் சிறு பங்கு சேர்த்தால் கலன் எழுந்து உட்காருகிறது. தோட்டக்கழிவோ சாக்கடைக் கசடோ கலக்கும் இடங்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை.

தொடக்கம்: ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு கலனிலிருந்து விதைக் கசடு கொண்டுவந்து நிரப்பி, இரண்டு மூன்று மாதம் மெல்ல ஊட்டத்தை ஏற்றுங்கள். அந்த மாதங்களில் முழுக் குப்பையும் பழைய குவியல்களுக்கே போக வேண்டியிருக்கும். கட்டுமானத்துக்காகக் குவியல் தளத்தை இடித்துவிட்டு மாற்றிடம் தேடி அலைந்த நிலையம் ஒன்றை எனக்குத் தெரியும்.

வாயுவைப் பற்றி. எஞ்சினுக்கு எமன் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கலனில் இரும்பு உப்பு சேர்ப்பது, மேல்வெளியில் மிகச் சிறிதளவு காற்று விடுவது, கடைசியில் செயல்படுத்திய கரியில் வடிகட்டுவது என்று அடுக்கடுக்காகப் பிடிக்க வேண்டும். மனிதருக்கும் அது எமன்தான். 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கு, என்ற அளவிலேயே மூக்கு மரத்துப்போகிறது. வாடை போய்விட்டது, ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்கும்போதுதான் ஆள் விழுகிறார். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். அறைமுறைக் கலனில் கதவைத் திறக்கும் முன் உள்ளிருக்கும் மீத்தேன் அந்த எல்லையைக் கடந்துதான் காற்றாக மாற வேண்டும். எஞ்சின் புகை போன்ற ஆக்சிஜன் குறைந்த வாயுவால் முதலில் மீத்தேனை வெளித்தள்ளி, அதன் பிறகே காற்றை விடும் ஏற்பாடு கட்டாயம் இருக்க வேண்டும். உரக்கிடங்கில் இருபது ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கு வாயுவோடு பழக்கமில்லை. அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு; அதனால்தான் சொல்கிறேன், சட்டைப் பையில் வாயுமானியும் முறையான பயிற்சியும் இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடாதீர்கள்.

கசிவையும் கணக்கில் எடுங்கள். உங்கள் 24 லட்சம் கனமீட்டரில் மீத்தேன் மட்டும் ஆயிரம் டன். அதில் மூன்று சதவீதம் கசிந்தால் 30 டன். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு அளவில் சூடேற்றுகிறது என்பதால் அது 800 டன்னுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பெரும்பாலான கசிவு கலனிலிருந்து வருவதில்லை. மூடாத சக்கைத் தொட்டியிலிருந்தும், எஞ்சினில் எரியாமல் போவதிலிருந்தும், எஞ்சின் பழுதான நாளில் எரித்துவிடும் சுடர்க்குழாய் பற்றாததிலிருந்தும் வருகிறது. சக்கை வெளியே வந்த பிறகும் சில நாள் மீத்தேன் விட்டுக்கொண்டிருக்கும்; உடனே நன்றாகக் காற்றூதினால்தான் நிற்கும்.

பிழிந்த நீர் இன்னொரு தலைவலி. லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் அம்மோனியா நைட்ரஜன் உள்ள கரும்பழுப்பு நீர். அருகில் நிலமும் பயிரும் இருந்தால் அருமையான திரவ உரம். ஆனால் பயிர் கேட்கும் பருவத்தில்தான் போட முடியும், மற்ற மாதங்களுக்கு மூடிய தேக்கம் வேண்டும். சாக்கடைக்கு அனுப்புவதென்றால் சுத்திகரிப்பு நிலையத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒரு சிறிய நிலையத்துக்கு இந்த நைட்ரஜன் சுமை ஆயிரக்கணக்கான புது வீடுகளுக்குச் சமம்.

வரவு செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நிலையங்களைத் தாங்கி நிறுத்துவது குப்பையை வாங்கிக்கொள்ளக் கிடைக்கும் கட்டணம். மின்சாரமும் வாயுவும் இரண்டாவது, உரம் மூன்றாவது. விற்பவர் காட்டும் அட்டவணையில் ஆண்டுக்கு 8,000 மணி நேரம் எஞ்சின் ஓடுவதாக இருக்கும்; முதல் இரண்டு ஆண்டுக்கு 6,000 என்று போட்டுப் பாருங்கள். வாயுவைச் சுத்திகரித்து 97 சதவீத மீத்தேனாகக் குழாயிலோ வாகனத்திலோ தருவது கவர்ச்சியானது. ஆனால் அப்போது எஞ்சினின் கழிவுச் சூடு கிடைக்காது. உங்கள் ஈரச் சக்கையைக் காயவைக்க வேறு வழி தேட வேண்டும்.

நாற்றம் குறையுமா என்று கேட்டீர்கள். பச்சை உணவுக்கழிவு அழுகும் முதல் வாரத்து நாற்றம் மூடிய கலனுக்குள் போய்விடுவதால் அது நிச்சயம் குறையும். குப்பை கொட்டும் தளமும் சக்கை கலக்கும் கூடமும் மூடப்பட்டு, காற்று உள்ளிழுக்கப்பட்டு, கழுவி விடப்பட்டால் மட்டுமே அக்கம்பக்கத்தார் அதை உணர்வார்கள். கலனை மட்டும் கட்டிவிட்டுச் சக்கையைத் திறந்தவெளியில் குவித்தால் அழுகல் வாடை போய் அம்மோனியா வாடை வரும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது மூன்று காரியம். உங்கள் குப்பையை மழைக்காலத்தில் ஒருமுறையும் வறண்ட காலத்தில் ஒருமுறையும் பிரித்து எடைபோடுங்கள். ஈரம், மட்காத பொருள், மரம் எவ்வளவு என்று எழுதிவையுங்கள். அதன் மாதிரிகளை மீத்தேன் திறன் சோதனைக்கு அனுப்புங்கள். ஒரு மாதத்தில் உண்மையான வாயு அளவு தெரியும், என் 120 என்ற எண்ணைத் தூக்கிப்போட்டுவிடலாம். மூன்றாவதை யாரும் செய்வதில்லை, அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். உங்களைப் போன்ற கழிவைச் செரிக்கும் ஒரு நிலையத்திலிருந்து, நீங்கள் வாங்க நினைக்கும் அதே வகைக் கலனிலிருந்து, நான்கைந்து லாரி சக்கை கொண்டுவாருங்கள். உங்கள் தளத்தில், உங்கள் மரச்சில்லோடு, உங்கள் ஆட்கள் கையால் வெவ்வேறு விகிதத்தில் மூன்று குவியல் போடட்டும். தினமும் காலையில் வெப்பமானியைச் செருகி எழுதட்டும். எந்தக் குவியல் 55-ஐத் தொடுகிறது, அதற்கு எவ்வளவு சில்லு பிடித்தது, முதல் புரட்டலில் யாருடைய கண் எரிந்தது என்று ஆறு வாரத்தில் தெரிந்துவிடும். அந்தக் குறிப்பேட்டோடு கலன் விற்பவர் முன்னால் உட்காருங்கள்.